லித்தியம் பேட்டரிக்கு ஆசிட் பேட்டரி செட்டிங் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீடு, மோட்டார் கொட்டகை, இறால் பண்ணைக் காவல் குடிசை, படகு என எங்கும் டியூபுலர் என்ற ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வைக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த வேதாரண்யம் பக்கத்தில் இந்த ஆர்வம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. மானியத்தில் கூரைமேல் போட்ட சோலார், மின்வாரிய லைன் போனால் தானும் நின்றுவிடும் என்று தெரிந்தபின் தனியாக இரண்டு பேனலும் ஒரு பேட்டரியும் வாங்குபவர்களும் உண்டு. பேட்டரி மாறுகிறது. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தச் சுவரில் மாட்டிய சார்ஜ் கண்ட்ரோலர் மட்டும் பழைய ஆசிட் பேட்டரி செட்டிங்கிலேயே ஓடுகிறது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் "லித்தியமும் போயிடுச்சு" என்று தூக்கிக்கொண்டு வரும் பேட்டரிகளில் பல உண்மையில் போகவில்லை. உள்ளே செல்கள் ஏறுக்குமாறாக நிற்கின்றன, அவ்வளவுதான். விற்பவரும் மாட்டுபவரும் வாங்குபவரும் தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் சிலவே. அவற்றை உங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறோம்.

சோலாருக்கு நம் பக்கம் விற்பது பெரும்பாலும் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் வகை. கடைகளில் எல்.எஃப்.பி. என்பார்கள். ஒரு செல் 3.2 வோல்ட். நான்கு செல் தொடராகச் சேர்ந்தால் 12.8 வோல்ட் பேட்டரி, எட்டு சேர்ந்தால் 25.6, பதினாறு சேர்ந்தால் 51.2. ஒரு செல்லின் உச்ச வரம்பு 3.65 வோல்ட், அடி வரம்பு 2.5 வோல்ட். பெட்டிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற அட்டை ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தொட்டால் போதும், மொத்த பேட்டரிக்கும் சார்ஜை வெட்டிவிடும். நான்கு வயலுக்கு ஒரே மதகு, ஒரு வயலில் தண்ணீர் வரப்பேறினாலும் மதகை இறக்கிவிடும் காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று வயல் குறையாக நிற்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

பி.எம்.எஸ்.ஸோடு இணையும் மொபைல் ஆப்பில் இது எப்படித் தெரியும்? நல்ல வெயிலில், காலை 11 மணி வாக்கில் திறந்தால் 3.38, 3.37, 3.66, 3.38 என்று நான்கு எண்கள். கூட்டினால் 13.79. கண்ட்ரோலர் திரையில் 13.8 என்று காட்டும். அதன் கணக்கில் இன்னும் 14.4 வரவில்லை, ஆகவே பேனலிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது செல் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியதால் பி.எம்.எஸ். வெட்டுகிறது. அந்த நொடியில் பேனலின் மின்னோட்டத்துக்குப் போக இடமில்லை. கண்ட்ரோலர் சுதாரிப்பதற்குள் லோடு பக்கம் வோல்ட் துள்ளிவிடும். 12 வோல்ட் பேனலுக்கு லோடு இல்லாதபோது 21, 22 வோல்ட் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. இன்வெர்ட்டர் கத்திவிட்டு நிற்பதும், 12 வோல்ட் ரவுட்டரும் டி.சி. ஃபேனும் காரணமே இல்லாமல் அடிக்கடி போவதும் பெரும்பாலும் இதனால்தான். பேனலைச் சந்தேகப்பட்டு இன்னொரு பேனல் வாங்கிப் போட்டால் இந்த வெட்டு இன்னும் வேகமாக நடக்கும்.

இதையே மாலையில் திறந்து பார்த்தால் 3.30, 3.30, 3.30, 3.30 என்று நான்கும் ஒன்றுபோல இருக்கும். அதைப் படம் பிடித்து அனுப்பி "எல்லாம் சமமாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் அதிகம். எல்.எஃப்.பி. செல்லின் வோல்ட் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். அங்கே 5 மில்லிவோல்ட் வித்தியாசம் என்பது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், கொள்ளளவில் பெரிய வித்தியாசமாகவும் இருக்கலாம். 3.40-க்கு மேல் போனபிறகுதான் உண்மை வெளிவரும். சார்ஜ் முடியும் தறுவாயில், செல்கள் 3.45-ஐத் தாண்டியபின் வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட் என்றால் நல்ல பேட்டரி. 100 வந்தால் கவனிக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் வெட்டு விழத் தொடங்கும்.

இனி எண்கள். 12.8 வோல்ட் பேட்டரிக்குச் சொல்கிறோம். 24 வோல்ட்டுக்கு இரண்டால், 48-க்கு நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். கண்ட்ரோலரில் பேட்டரி வகையை 'யூசர்' என்று மாற்றுங்கள். பூஸ்ட் அல்லது அப்சார்ப்ஷன் (பேட்டரியை நிறைக்கும் அளவு) 14.2 வோல்ட், அதாவது செல்லுக்கு 3.55. லேபிளில் 14.6 என்று அச்சடித்திருப்பது உச்ச வரம்பு. அதையே தினசரி இலக்காக வைத்தால் செல்கள் துளி பிசகினாலும் வெட்டு விழும். ஃப்ளோட் (நிறைந்தபின் நிறுத்தி வைக்கும் அளவு) 13.5. திரும்ப பூஸ்டுக்குப் போகும் அளவு 13.2. லோடு வெட்டு 12.0, திரும்பச் சேர்ப்பது 13.0. இந்தக் கடைசி இரண்டுக்கும் இடைவெளி விடாவிட்டால், லோடு வெட்டியதும் பேட்டரி வோல்ட் தானாகவே ஏறி, லைட் மறுபடி எரிந்து, மறுபடி அணைந்து இரவெல்லாம் கண்சிமிட்டும்.

ஈக்வலைஸ் என்ற செட்டிங் ஆசிட் பேட்டரியைக் கொதிக்கவிட்டுக் கலக்குவதற்கானது. லித்தியத்துக்கு அது வேண்டவே வேண்டாம். பெயரைப் பார்த்து 'செல்லைச் சமப்படுத்தும் செட்டிங் போல' என்று ஆன் செய்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 14.8, 15 வோல்ட் என்று ஏற்றி மாதம் ஒருமுறை பி.எம்.எஸ்.ஸைத் தட்டவைக்கும். அணைக்க வழியில்லாத மாடலில் ஈக்வலைஸ் வோல்ட்டையும் 14.2 என்று வைத்து, நேரத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள். சில கண்ட்ரோலர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. ஈக்வலைஸ் பூஸ்டுக்குக் குறையக்கூடாது, பூஸ்ட் ஃப்ளோட்டுக்குக் குறையக்கூடாது, ஃப்ளோட் திரும்ப பூஸ்டுக்குப் போகும் அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இது கலைந்தால் எண்ணைச் சேமிக்காமல் பழையபடி திரும்பிவிடும். "செட்டிங் நிக்கமாட்டேங்குது" என்ற புகாரில் பாதி இதுதான்.

எல்லோரும் விட்டுவிடுவது வெப்ப ஈடு. ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சார்ஜ் வோல்ட்டைக் குறைப்பார்கள். 2 வோல்ட் செல் ஒன்றுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட், 12 வோல்ட்டுக்கு 18 முதல் 30. சித்திரை மாதம் தகரக் கொட்டகைக்குள் 42 டிகிரி என்றால் 17 டிகிரி அதிகம். உங்கள் 14.2 சத்தமில்லாமல் 13.9 ஆகவோ 13.7 ஆகவோ இறங்கிவிடும். சார்ஜின் கடைசியில் வோல்ட் உயர்ந்து செல்கள் சமமாகும் மேட்டுக்கு ஒழுங்காக ஏறவே ஏறாது. லித்தியத்துக்கு இந்த ஈடு பூஜ்ஜியம்தான். மாற்ற வழியில்லாமல், வெளியே ஒயரோடு தொங்கும் வெப்ப சென்சார் உள்ள மாடல் என்றால் அதைக் கழற்றிவிட்டால் பலவும் 25 டிகிரி என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் மாடலின் கையேட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

விலை குறைந்த, பி.டபிள்யூ.எம். எனும் சாதாரண வகைக் கண்ட்ரோலர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பட்டனை அழுத்தினால் பி1, பி2, பி3 என்று வரும். பல மாடல்களில் மூன்றுமே ஆசிட், ஜெல் வகைகள்தான். சிலவற்றில் 'லித்தியம்' என்று போட்டிருப்பது மூன்று செல் கொண்ட, என்.எம்.சி. என்ற வேறு வகை லித்தியத்துக்கானது. அது 12.6 வோல்ட்டில் நின்றுவிடும், நம் பேட்டரி காலியாகவே கிடக்கும். 24 வோல்ட்டில் இதே குழப்பம் எதிர்ப்பக்கம் நடக்கும்: ஏழு செல் என்.எம்.சி. வகைக்கு 29.4, எட்டு செல் எல்.எஃப்.பி. வகைக்கு 29.2 என உச்சங்கள் ஒட்டியே இருப்பதால் சார்ஜரை மாற்றி மாட்டிவிடுகிறார்கள். வேறு கதியே இல்லாத பழைய கண்ட்ரோலரில் ஜெல் செட்டிங்கை வைக்கலாம், அதில் பெரும்பாலும் ஈக்வலைஸ் இருக்காது. ஆனால் எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்துப் பேட்டரி வாங்குபவர் அதற்கேற்ற கண்ட்ரோலரில் சிக்கனம் பிடிப்பது எங்களுக்குப் புரியாத கணக்கு.

செட்டிங் சரியானால் ஏறுக்குமாறு மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண பி.எம்.எஸ். ரெசிஸ்டர் வழியே உயர்ந்த செல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கும். அதன் அளவு 30 முதல் 100 மில்லி ஆம்பியர்தான். 100 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) பேட்டரியில் ஒரு செல் 1 சதவீதம் கூடுதலாக நின்றால் அது 1000 மில்லி ஆம்பியர் மணி. 60 மில்லி ஆம்பியரில் வடிக்க 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். செல் 3.40-க்கு மேல் இருக்கும்போது மட்டுமே வடிக்கும், தினம் ஒரு மணி நேரம்தான் அந்த மேட்டில் நிற்கிறது என்றால் இரண்டரை வாரம். 5 சதவீதம் பிசகியிருந்தால் மூன்று மாதம். ஆகவே வோல்ட்டைவிட, மேட்டில் எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதே முக்கியம். ஃப்ளோட் 13.5 என்பது செல்லுக்கு 3.375. அங்கே வடிப்பு நடக்காது. தினசரி ஓட்டத்துக்கு அது நல்லது, சமப்படுத்துவதற்கு உதவாது.

மோசமாகப் பிசகிய பேட்டரிக்கு நாங்கள் செய்வது இது. பூஸ்டை 14.2-லிருந்து 13.7-க்கு இறக்கி, ஃப்ளோட்டை 13.6-க்கு ஏற்றி, பூஸ்ட் நேரத்தை 3 மணி நேரம் ஆக்குகிறோம். மூன்று செல் 3.37-ல் நின்றால் 10.11 வோல்ட். மீதி 3.59 நான்காவது செல்லுக்கு. வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, ஆகவே வெட்டு விழாது. வடிப்பு மட்டும் பகலெல்லாம் நடக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆப்பைப் பார்த்து, உயர்ந்த செல் 3.50-க்குக் கீழே வந்திருந்தால் பூஸ்டை 0.1 வோல்ட் கூட்ட வேண்டும். 14.2-ல் நிறுத்தியும் வித்தியாசம் 30-க்குள் வந்துவிட்டால் ஃப்ளோட்டைப் பழைய 13.5-க்கு இறக்கிவிட வேண்டும். வெப்பத்தில் முழு சார்ஜில் ஊறிக்கிடப்பது செல்லின் ஆயுளைத் தின்னும். வெயில் உள்ள நாள்களில், பகல் லோடைக் குறைத்துக்கொண்டு செய்வது நல்லது. பி.எம்.எஸ். ஆப்பில் செட்டிங் திறக்குமானால் பேலன்ஸ் தொடங்கும் அளவு 3.40, வித்தியாசம் 10 மில்லிவோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அதை 3.20, 3.00 என்று இறக்கி வைத்தால் 'எப்போதும் சமமாக்கிக்கொண்டே இருக்கும்' என்று சிலர் நினைக்கிறார்கள். தட்டையான நடுப்பகுதியில் எந்தச் செல் நிறைந்தது, எது குறைந்தது என்று வோல்ட்டை வைத்துச் சொல்லவே முடியாது. தவறான செல்லை வடித்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடும். நிறைந்த செல்லிலிருந்து குறைந்த செல்லுக்கு நகர்த்த, ஆன்லைனில் வாங்கி ஒட்டும் ஆக்டிவ் பேலன்சருக்கும் இதே விதி. 1, 2 ஆம்பியர் நகர்த்தும் நல்ல சாதனம்தான், ஆனால் தொடங்கும் அளவு வைக்க முடியாத மாடலாக இருந்தால் வாங்காதீர்கள்.

வித்தியாசம் தெரிந்தவுடன் செல்லைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஒரு செல் உயர்ந்தும், லோடு இழுக்கும்போது அதே செல் தாழ்ந்தும், எல்லாவற்றையும் நிறுத்தினால் சமமாகவும் காட்டினால் அது பிசகல் அல்ல, தளர்ந்த போல்ட். நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் செல் முனையும் செல்களை இணைக்கும் பஸ்பாரும் பூத்துப்போவது சாதாரணம். கழற்றி, நைஸ் எமரி தாளால் தேய்த்து, வெள்ளீயம் பூசிய செம்பு லக்ஸ் (ஒயர் முனை) போட்டு, முறுக்கியபின் மேலே வாசலின் தடவினால் தீர்ந்தது. சார்ஜில் முதலில் நிறைந்து, காலியாகும்போது கடைசியாகக் காலியாகும் செல் என்றால் அதுதான் மேலே சொன்ன பிசகல். முதலில் நிறைந்து முதலில் காலியானால் அந்தச் செல்லின் கொள்ளளவே சுருங்கிவிட்டது. அதற்குச் செட்டிங்கில் மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஒயரும் ஏமாற்றும். கண்ட்ரோலர் தன் முனையில் உள்ள வோல்ட்டைத்தான் பார்க்கிறது. 6 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 3 மீட்டர் போய் 3 மீட்டர் வந்தால், 30 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் தொலையும். கண்ட்ரோலரில் 14.2, பேட்டரியில் 13.65. பூஸ்ட் நேரம் ஓடத் தொடங்கிவிடும், பேட்டரி இன்னும் மேட்டுக்கே வந்திருக்காது. 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறையும். கண்ட்ரோலரை பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் மாட்டுவது அதைவிட மலிவான வழி. நடுவில் டி.சி.க்கான ஃப்யூஸ் கட்டாயம். வீட்டு மாறுமின்னோட்ட (ஏ.சி.) எம்.சி.பி.யை அங்கே போடாதீர்கள், டி.சி. பொறியை அணைக்கும் திறன் அதற்குக் கிடையாது.

நம் பக்கத்தில் நடக்கும் இரண்டு பழக்கங்கள் செல்களைப் பிசகவைக்கின்றன. ஒன்று, 24 வோல்ட் பேட்டரியின் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுத்து லைட், செல்போன் சார்ஜர், படகில் ஒயர்லெஸ் எல்லாம் ஓட்டுவது. கீழ்ப்பாதி மட்டும் தினமும் கூடுதலாகக் காலியாகும். 100 மில்லி ஆம்பியர் வடிக்கும் பி.எம்.எஸ். அந்தப் பள்ளத்தை ஒருநாளும் நிரப்பாது. 24-லிருந்து 12-க்கு இறக்கும் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றை மொத்த பேட்டரிக்கும் குறுக்கே மாட்டுங்கள். மற்றொன்று, தனித்தனி 12.8 வோல்ட் பேட்டரி இரண்டை அப்படியே தொடராகச் சேர்ப்பது. தொடராகச் சேர்க்கத் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும், பி.எம்.எஸ். தாங்கும் வோல்ட் அதைப் பொறுத்தது. அனுமதி இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனியாக முழு சார்ஜ் ஏற்றியபிறகே சேர்க்க வேண்டும். ஒரு பெட்டியின் பி.எம்.எஸ்.ஸுக்கு அடுத்த பெட்டியில் நடப்பது தெரியாது. பழைய டியூபுலரையும் புது லித்தியத்தையும் இணையாகக் கட்டி 'பேக்கப் கூடட்டும்' என்பது இன்னொரு வகை. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வீட்டு இன்வெர்ட்டரும் சோலாரும் ஒரே பேட்டரியைப் பகிர்ந்தால் இரண்டின் எண்களும் ஒத்துப்போக வேண்டும். கண்ட்ரோலரை அழகாக 14.2-க்கு வைத்துவிட்டு, இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்சை 'டியூபுலர்' என்றே விட்டால் இரவு கரண்டில் ஏறும்போது பழைய கதைதான். அடிப்பக்கமும் கவனம் தேவை. பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டில்தான் நிற்கும். அதற்குள் ஏதோ ஒரு செல் 2.5-ஐத் தொட்டு பி.எம்.எஸ். தூங்கிவிடலாம். முனையில் வோல்ட்டே காட்டாத பேட்டரியைக் கண்ட்ரோலர் பேட்டரி என்றே மதிக்காது, சார்ஜும் கொடுக்காது. செத்துவிட்டதென்று எடைக்குப் போடாமல், 14.6 வோல்ட் லித்தியம் சார்ஜரைச் சிறிது நேரம் கொடுத்துப் பாருங்கள். பல விழித்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நின்று பெய்யும்போது பேட்டரி வாரக்கணக்கில் 14 வோல்ட்டைப் பார்க்காது. அந்த நாள்களில் பிசகல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், ஆப்பில் காட்டும் சதவீதமும் நம்ப முடியாததாகிவிடும். மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும், வெயில் திரும்பும் தையில் ஒருமுறையும் மேலே சொன்னபடி நீண்ட நேரம் மேட்டில் நிறுத்திச் சமப்படுத்துவது நம் பருவத்துக்கு ஏற்றது. புயல் அறிவிப்பு வந்து பேனலை இறக்குபவர்கள் முதலில் பேனல் ஒயரைக் கழற்றி, பிறகு பேட்டரியைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் போவது உண்டு. சில மாதங்கள் பயன்படாத கொட்டகை பேட்டரியைப் பாதி சார்ஜில், 13.1 அல்லது 13.2 வோல்ட்டில் கழற்றி வைத்தால் போதும்.

ஊராட்சிகளின் சோலார் தெருவிளக்குகளையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பல விளக்குகளின் செட்டிங்கை சிறிய இன்ஃப்ராரெட் ரிமோட்டால்தான் மாற்ற முடியும். ஒப்பந்தக்காரர் மாட்டிவிட்டு ரிமோட்டோடு போய்விடுகிறார். பிறகு விளக்கு இரவு 9 மணிக்கே அணைந்தால் ஊராட்சியில் யாராலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை, பேட்டரியை மாற்றுவதுதான் வழி என்று தீர்மானம் போடுகிறார்கள். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, ரிமோட்டும் செட்டிங் எண்கள் எழுதிய தாளும் ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும், வெப்ப ஈட்டைப் பூஜ்ஜியமாக்க வழியுள்ள கண்ட்ரோலர் வேண்டும், பி.எம்.எஸ்.ஸின் வடிப்பு அளவையும் பேலன்ஸ் தொடங்கும் வோல்ட்டையும் எழுத்தில் தர வேண்டும் என்று மூன்று வரி சேர்க்கலாம். பேட்டரி விற்கும் கடைகளும் பூஸ்ட், ஃப்ளோட், லோடு வெட்டு, வெப்ப ஈடு ஆகிய நான்கு எண்களையும் தமிழில் அச்சடித்துப் பெட்டியின் மேலேயே ஒட்டிக் கொடுக்கலாம். வாரண்டி அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சோலார் சர்வீஸ் வேலை செய்வோர்,
மன்னார்குடி